சேர்ந்து மூச்சு விடுகிறவர்கள்

மனிதன் தோன்றிய நாளிலிருந்து தீராமல் கிடக்கும் அத்தனை தகராறுகளையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்து வைக்கக்கூடிய ஆள், இந்தத் தலைமுறையில் தான் ஒருவன்தான் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். அடக்கம் கருதி இதை வெளியே சொல்லவில்லை. கல்லூரியிலும் தெருவிலும் முடிவெட்டும் கடையிலும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமும் மட்டும் சொல்லியிருந்தான். அதனால் அவனுக்குத் 'தீர்ப்பு' என்று பெயர் வந்தது. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவன் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

கடவுள் உண்டா இல்லையா என்ற விவகாரத்தை முதலாமாண்டிலேயே முடித்துவிட்டான். காதல் எது, கவர்ச்சி எது என்பது ஒரு மதிய இடைவேளையில் முடிந்தது. மிச்சமிருந்தது உயிர். உயிர் யாருடையது, அதை யார் எப்போது விடலாம் என்று நீதிமன்றங்களும் சபைகளும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, தீர்ப்பு பல் தேய்த்துக்கொண்டே அதையும் சொல்லி முடித்தான்: "மூச்சுங்கறது காத்து. காத்துக்குக் கட்சி கிடையாது."

பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த அப்பா துண்டைத் தேடினார். இந்தத் தீர்ப்பு அவருக்கு எதிராகத்தான் வழங்கப்பட்டது. ஆனால் கண்ணில் சோப்பு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு, மீதி நேரத்தில் சபையைச் சேர்ந்த கொஞ்சம் பேரோடு ஆஸ்பத்திரி வாசல்களில் போய் நிற்பார். எங்காவது ஒரு நோயாளிக்கு, இனி எந்திரத்தை நிறுத்திவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டால் குழு கிளம்பிவிடும். 'உயிர் கர்த்தருடையது' என்று எழுதிய அட்டைகள் இருக்கும், கோஷம் இருக்காது. அவர்கள் செய்வது வேறொன்று. நோயாளியின் ஜன்னலுக்கு நேர்கீழே நின்று, உள்ளே வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கும் அதே கதியில் எல்லாரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். வீட்டுக்காரர் யாராவது எந்திரத்தின் சத்தத்தை செல்போனில் பதிந்து கொடுப்பார். அதை மெகாபோனின் வாயருகே வைத்தால் வாசல் முழுக்க 'ஸ்ஸ்... ஹா' என்று கேட்கும். அட்டையைப் பிடித்தபடி அத்தனை நெஞ்சும் ஏறும், இறங்கும். மெகாபோனைத் தூக்கிப் பிடிப்பவருக்கு மெகாபோன் மாமா என்றே பெயர். அவர் அப்பாவோடு லிஃப்ட் வேலை பார்த்தவர்.

இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தீர்ப்பால் முடியுமா? கல்லூரி விழாவில் ஒரு நாடகம் போட்டான். பஞ்சரான சைக்கிள் டயரைச் சுற்றி ஒரு ஜெபக் கூட்டம் நின்று சேர்ந்து மூச்சு விடுகிறது; கடைசியில் டயர் எழுந்து சாட்சி சொல்கிறது. அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவன் ஒரு பதிலோடு காத்திருந்தான். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "வால்வைப் பிடிக்காம ஊதுறீங்களே, காத்து எப்படி நிக்கும்?" என்றார். அவன் தயாராக வைத்திருந்த பதில் இன்னும் அவனிடமே இருக்கிறது.

இப்போது அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்து, ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் எந்திர அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை, மடியில் ஸ்பேனரோடு, கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தூங்குகிறார் என்று நினைத்து முதலில் கதவைச் சாத்திவிட்டுப் போனார்களாம்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் நேரம் நடப்பதில்லை, மிதக்கிறது. வெள்ளைத் திரைகள் காற்றில்லாமலே அசைந்தன. நர்ஸுகள் மீன்களைப்போலச் சத்தமில்லாமல் வந்து, எதையோ கொத்திப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பினார்கள். அப்பாவின் வாயில் குழாய். குழாயின் மறுமுனையில் எந்திரம். ஸ்ஸ் என்றதும் அப்பா நிமிர்ந்தார், ஹா என்றதும் அமிழ்ந்தார். அவர் இப்படி ஒழுங்காக மூச்சு விட்டு அவன் பார்த்ததே இல்லை. வீட்டில் குறட்டைக்குக் கதவையே சாத்தவேண்டியிருக்கும்.

அம்மா வெளியே நடைக்கூட நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் கடையில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரிக்கும் ஒரு மூட்டைச் சட்டையோடுதான் வந்தாள். அவளருகே தூங்கிப்போனவனுக்கு ஒரு கனவு வந்தது. அப்பா ஒரு லிஃப்டுக்குள் நிற்கிறார். லிஃப்டின் சுவர்கள் திரைத்துணி. மாடிகள் மேகம்போல இறங்கிப் போகின்றன. "எந்த மாடிப்பா?" என்று அவன் வெளியிலிருந்து கேட்கிறான். அப்பா பொத்தான் பலகையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். அதில் பொத்தான்கள் இல்லை, நூல் தொங்கும் துளைகள்தான் இருக்கின்றன. விழித்தபோது அம்மாவின் மடியிலிருந்து ஒரு சட்டை அவன் முகத்தின்மேல் சரிந்திருந்தது.

மருத்துவர் வந்து இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அவர் நிதானமான பெண்மணி. ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு, அது உருளாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததை எடுத்தார். அப்பா இனிக் கண் திறக்கப்போவதில்லை. எந்திரம் இருக்கும்வரை உடம்பு இருக்கும். குழாயை எடுத்துவிட்டால் தானாகக் கொஞ்ச நேரம் மூச்சு விடுவார், பிறகு நின்றுவிடும். மூச்சுத் திணறாமலிருக்க மருந்து கொடுப்பார்கள்.

"உங்க அம்மா சரின்னு சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே மனசா இருந்தாத்தான் நாங்க செய்வோம். அவசரம் இல்ல."

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். "சொல்லுப்பா. இதைப் பத்தி நாடகமே போட்டவனாச்சே நீ."

தீர்ப்பு வாயைத் திறந்தான். வாக்கியம் வரவில்லை. இருபது வயதுக்குள் முதல் தடவையாக, "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். சொன்ன குரல் யாருடையதோ போலிருந்தது.

*

அவன் கால் போன போக்கில் படியேறினான். அடுத்த மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே கூரைவரை துவைத்த விரிப்புகள். நடுவில் ஒரு துணி மடிக்கும் அம்மாள் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, கீழே அப்பாவுக்காக வந்து நின்ற குழுவின் மெகாபோனிலிருந்து 'ஸ்ஸ்... ஹா' தெளிவாக வந்தது. ஸ்ஸ் என்றதும் அவள் விரிப்பை உயர்த்தினாள், அது காற்று நிறைந்து படகின் பாய்போலப் புடைத்தது. ஹா என்றதும் அது தணிந்து இரண்டாக மடிந்தது. அறையே நெஞ்சாகி மூச்சு விடுவதுபோலிருந்தது. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"நல்ல மனுசங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "வந்ததிலிருந்து என்னைத்தான் பாத்து நிக்கறாங்க. எனக்கு முதுகுவலின்னு யார் சொன்னாங்களோ தெரியல."

அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். குழு முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி நேராக இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல விளங்கியது. இந்த ஆஸ்பத்திரியில் தரைத்தளத்துக்கே முதல் மாடி என்று பலகை வைத்திருந்தார்கள். குழுவில் பாதிப்பேர் லிஃப்டுக்காரர்கள். அவர்களுக்குத் தரை என்றால் பூஜ்யம், அதற்கு மேலேதான் எண்ணிக்கை. அப்பா மூன்றாவது மாடியில் என்று கேட்டதும் கட்டடத்தைப் பார்த்துத் தங்கள் தொழில்முறைப்படி எண்ணியிருக்கிறார்கள். ஒரு மாடி ஏறிவிட்டது. அப்பாவுக்காக விட்ட மூச்செல்லாம் தலையணை உறைகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

டயர் நாடகமெல்லாம் இதன் கால்தூசிக்கு ஆகாது. ஒரு கலைஞன் வாழ்நாள் முழுக்கத் தவமிருந்தாலும் கிடைக்காத நகைச்சுவை. அதைச் சொல்லியே தீருவது என்று அவன் படியிறங்கினான். சொல்லிவிட்டால் மனம் லேசாகும், மனம் லேசானால் அந்த இன்னொரு வாக்கியமும் தானாக வரும் என்று ஒரு கணக்கு.

*

கீழே மெகாபோன் மாமா அவனைக் கண்டதும் கருவியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

"தம்பி, முடிவு உங்கிட்டதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நீ மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாங்க கோர்ட்டுக்குக்கூடப் போக வேண்டாம்."

தீர்ப்பு நகைச்சுவையை நாக்கு நுனிவரை கொண்டுவந்து வைத்திருந்தான். அதற்குள் மாமா பேச ஆரம்பித்தார். அவர் மனைவிக்கு ஒருமுறை இதே நிலைமை வந்ததையும், நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டதையும், அப்பா குழுவைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றதையும், ஒரு காலையில் அவள் கண் விழித்ததையும் சொன்னார். எல்லாரும் அறிந்த கதைதான். அந்த அக்கா இதோ, சுவரோரமாகப் பிளாஸ்க்கிலிருந்து குழுவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சபையில் அவளைத் திரும்பி வந்தவள் என்பார்கள். ஒரு ஆளே நடமாடும் சாட்சியாகத் தேநீர் ஊற்றும்போது அவளுக்கு எதிரே என்ன நகைச்சுவை சொல்வது?

இதற்குள் அம்மாவும் இறங்கி வந்துவிட்டாள். கையில் ஊசி கோத்தபடியே இருந்தது.

"அண்ணே, அவனைப் போட்டு இழுக்காதீங்க. எங்கிட்டப் பேசுங்க."

மாமா பேசினார். அம்மாவும் பேசினாள். இரண்டு பேரும் சத்தம் போடவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கர்த்தர் கொடுத்ததைக் கர்த்தர் எடுக்கட்டும், நாம் யார் என்றார் மாமா. கர்த்தர் எடுக்கத்தான் கை நீட்டுகிறார், குழாய்தான் குறுக்கே நிற்கிறது என்றாள் அம்மா. பிறகு அவள் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு பெரிய அதிகாரி இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம். அப்பா எந்திர அறைக்கு ஏறி, பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பக்கத்திலிருந்த கீழ்மாடியில் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு திறந்ததும் அதிகாரி, நான் மேலே போகவேண்டியவன், எப்படிக் கீழே இறக்கலாம் என்று குதித்தாராம்.

"அதுக்கு இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'எங்க போகணுங்கறதை அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல நடுவுலருந்து வெளிய வாங்க'ன்னாரு. அண்ணே, அவரு நடுவுல நிக்கறாரு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதே தொழில்காரர். பிரேக்கைத் தளர்த்துவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"எங்கிட்ட வேற சொல்லியிருக்காரும்மா," என்றார் கடைசியில். "கயிறு இருக்கற வரைக்கும் கையை விடாதேன்னு. அதையும் அவருதான் சொன்னாரு."

இரண்டையும் அப்பா சொல்லியிருப்பார். அவர் எல்லாவற்றையும் லிஃப்டை வைத்துத்தான் சொல்வார். பரலோகத்தையே ஒருமுறை பராமரிப்பு ஒப்பந்தம் தேவைப்படாத கட்டடம் என்றவர். தன்னைப்பற்றி மட்டும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இரண்டு பேர் இரண்டு அப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, மூன்றாவதாக ஒருவர் மாடியில் ஸ்ஸ், ஹா என்றிருந்தார். தீர்ப்பு சுவரோரமாக நகர்ந்தான்.

திரும்பி வந்த அக்கா அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். இதுவரை அவன் அவளிடம் கிண்டலாகக்கூடப் பேசியதில்லை. சும்மா நிற்க முடியாமல் கேட்டான்: "அக்கா, அப்ப உங்களுக்கு இவங்க மூச்சு விட்டது கேட்டுச்சா?"

அவள் கணவன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலை இறக்கினாள்.

"ஒண்ணுமே கேக்கலப்பா. எல்லாரும் கேட்டுச்சா கேட்டுச்சான்னாங்க, பாவமா இருந்துச்சு. தலையை ஆட்டிட்டேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே நாளில் இரண்டாவது புதையல். ஆனால் எடுக்கக் கை வரவில்லை.

"கண்ணு முழிச்சதும் பக்கத்துலயே ஜன்னல், கீழ வாசல் தெரிஞ்சுது," என்றாள் அவள். "அப்ப ரெண்டாவது மாடி. வெளிய மழை. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, உங்கப்பா மட்டும் நின்னுட்டிருந்தாரு. வாயைத் திறந்துக்கிட்டு, நெஞ்சு ஏறி இறங்கிட்டிருந்துச்சு. எனக்கு அப்ப யாருன்னே அடையாளம் தெரியல. இந்த ஆளு ஏன் மழையில நிக்கறாருன்னுதான் முதல்ல நினைச்சேன்."

"நீங்க முழிக்காமப் போயிருந்தா?"

அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். "அப்பவும் நின்னுருப்பாரு. அவருக்கு என்ன தெரியும், நான் முழிப்பேனா மாட்டேனான்னு?"

வாசலில் வெயில் சாய்ந்து எல்லாரும் தங்கம் பூசியதுபோல நின்றார்கள். மெகாபோன் ஸ்ஸ் என்றது, அட்டைகள் உயர்ந்தன. ஹா என்றது, தணிந்தன. குழுவின் கடைசியில் ஒரு பெரியவர் கதிக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு மூச்சைத் தவறவிட்டு, அடுத்ததில் ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். எந்திரம் யாருக்காகவும் நின்று பார்க்கவில்லை. மேல்மாடி ஜன்னலில் ஒரு வெள்ளை விரிப்பு புடைத்து அடங்கியது.

அவன் மெகாபோன் மாமாவிடம் திரும்பி வந்தான். மாமா நிமிர்ந்து பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

"மாமா, நான் சரின்னு சொல்லப்போறேன்."

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். கை ஓங்குவார் என்றுகூடத் தோன்றியது. "நான் சம்மதிக்க மாட்டேன்," என்றார். "என் கண்ணு முன்னால நடக்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்." பிறகு, யாரும் போகச் சொல்லாமலே, "ஆனா இங்கருந்து போகவும் மாட்டேன்" என்றார்.

"போகாதீங்க," என்றான் அவன். நாக்கு நுனியில் இருந்த அந்த மாபெரும் நகைச்சுவை இன்னும் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தான். விழுங்கினான். "அண்ணாந்தே நிக்கறீங்க, கழுத்து பிடிச்சுக்கும். ஒரு மாடி இறக்கிப் பாருங்க, போதும்."

மாமா புரியாமல் ஜன்னலைப் பார்த்தார். அதற்குக் கீழேயிருந்த ஜன்னலைப் பார்த்தார். லிஃப்டுக்காரர் அல்லவா, உதடு அசைய அடியிலிருந்து எண்ணினார். வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். முகம் மெல்ல வெளிறியது. தீர்ப்பு அதற்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

*

மருந்து ஏற்றினார்கள். திரையை இழுத்தார்கள். மருத்துவர் குனிந்து, தூங்குகிறவரை எழுப்பாமல் செருப்பைக் கழற்றுவதுபோல, அப்பாவின் வாயிலிருந்து குழாயை எடுத்தார். நர்ஸ் எந்திரத்தை நிறுத்தியதும் அறையில் இதுவரை இல்லாத ஒரு அமைதி வந்து, உட்கார இடம் தேடியது. வாசல் மெகாபோனும் ஒரு கணம் தடுமாறி நின்றது. எப்படித் தெரிந்ததோ. ஒருவேளை மாமா ஜன்னல் திரையைப் பார்த்திருப்பார்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் உள்ளங்கையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஊசி இப்போது அவள் முந்தானையில் குத்தியிருந்தது.

எந்திரம் போனபிறகு அப்பாவின் முகம் அவருடையதாயிற்று. கன்னத்தில் பிளாஸ்திரியின் தடம். வாய் கொஞ்சம் கோணலாக, நாடகம் பார்த்துவிட்டு வால்வைப்பற்றிச் சொல்வதற்கு முன் இருந்தது போலவே இருந்தது. நெஞ்சு அசையவில்லை. பிறகு ஏறியது. ஏறுவது என்றால் எந்திரம் ஏற்றியதுபோல அல்ல. பழைய வீட்டுக் கதவைத் தள்ளுவதுபோல, நடுவில் ஒருமுறை சிக்கி, மெதுவாக. இறங்கியது. குறட்டையின் வால் ஒன்று கூடவே வந்தது. அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள், சிரித்ததும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தீர்ப்பு கட்டிலின் மறுபக்கம் நின்றான். அப்பா அடுத்த மூச்சை இழுத்தார். அவன் நெஞ்சும் ஏறியது. முதலில் அது தற்செயல் என்றே நினைத்தான். அப்பா விட்டார், அவனும் விட்டான். ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா வந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்து, போயிற்று. வெளிச்சம் திரையில் பால்போல ஊறிக்கொண்டிருந்தது.

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது.

அப்பாவின் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி வளர்ந்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தூரத்திலிருந்து வந்தது. அவன் அவசரப்படவில்லை. ஒன்று இறங்கியதும் தன்னுடையதையும் முழுக்க இறக்கிவிட்டு, நெஞ்சைக் காலியாக வைத்துக்கொண்டு நின்றான். காது அடைத்தது. கண்ணோரம் வெளிச்சம் துடித்தது. அப்பா இழுக்கட்டும் என்று, தான் இழுக்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.